நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை

பாப்பா,

உனக்கு வேலை கிடைத்த அன்று உன் அம்மா போன் செய்தாள். சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே நான் கேட்டது, "உக்காந்து பாக்குற வேலைதானே?" ஏசி ரூம், சக்கரம் வைத்த நாற்காலி என்று அவள் சொல்லச் சொல்ல, சமயபுரத்தாளை நினைத்து மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன்.

நம் வீட்டில் இது பழைய வேண்டுதல். என் அப்பா லால்குடிப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். "நிழல்ல உக்காந்து பாக்குற வேலையாத் தேடுடா" என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனை சொன்னதில்லை. நான் தேடிப் பிடித்தது கண்டக்டர் வேலை. நிழல் கிடைத்தது, உட்கார இடம் கிடைக்கவில்லை. ஆகவே என் பிள்ளைகளுக்காக நாற்காலி கேட்டேன். அவர்கள் உனக்காகக் கேட்டார்கள். மூன்று தலைமுறை கேட்டதைச் சாமி கொடுத்துவிட்டது. வாங்கியதை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லித்தர மட்டும் நம் வீட்டில் ஆள் இல்லை. யாருக்கும் பழக்கம் இல்லையே. 73 வயதில், வயிற்றில் ஒரு தழும்போடு, நான் அரைகுறையாகக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

1978இல் வேலையில் சேர்ந்தேன், 2010இல் ஓய்வு. பாதிக் காலத்துக்கு மேல் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து துவாக்குடி போகும் டவுன் பஸ்தான். காந்தி மார்க்கெட்டில் கூடைக்கார அம்மாக்கள் ஏறுவார்கள். பால்பண்ணையில் மூச்சுவிட இடம் இருக்காது. அரியமங்கலம், காட்டூர் தாண்டுவதற்குள் முன் படிக்கும் பின் படிக்கும் நடுவே எத்தனை தடவை போய் வந்திருப்பேனோ, எண்ணியதில்லை. தோளில் தோல்பை, கையில் டிக்கெட் கட்டு, விரல் இடுக்கில் நீளவாக்கில் மடித்த நோட்டுகள். அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் போட்டு முடித்தாக வேண்டும், செக்கிங் ஏறி ஒரு டிக்கெட் குறைந்தால் மெமோ. எல்லாக் கண்டக்டரும் அப்படி என்று சொல்லமாட்டேன். பின் சீட்டில் அமர்ந்துகொண்டு, "காசைக் கைமாத்தி விடுங்க" என்று கூவுகிற மகராசன்களும் உண்டு. எனக்கு ஆளைக் கண்ணால் பார்க்காமல் கணக்கு வராது. ராத்திரி வீட்டுக்கு வந்தால் கணுக்காலில் ஊற்ற உன் பாட்டி வெந்நீர் காய்ச்சி வைத்திருப்பாள்.

அதே பஸ்ஸை ஓட்டிய டிரைவர் அண்ணனை உனக்குத் தெரியும். பொங்கலுக்குக் கரும்புக் கட்டோடு வருவாரே, அவர்தான். ஒரே வண்டி, ஒரே டூட்டி, ஒரே டீக்கடை. டூட்டி முழுக்க அவர் உட்கார்ந்திருப்பார், நான் நடந்துகொண்டிருப்பேன்.

லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்று ஒரு டாக்டர், இந்த ஜோடியை எங்களுக்கு ஒரு தலைமுறை முன்பே கவனித்திருக்கிறார். அங்கே மாடி பஸ். டிக்கெட் போடுகிறவர் நாளுக்கு 500 முதல் 750 படிகள் ஏறி இறங்குவார், ஓட்டுகிறவர் இருந்த இடத்தில் இருப்பார். ஆயிரக்கணக்கான பஸ் தொழிலாளர்களின் மருத்துவக் கணக்கை எடுத்துப் பார்த்ததில், கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது, வந்தவர்களுக்கும் பிந்தியே வந்தது. 1953இல் 'லான்செட்' பத்திரிகையில் இதை எழுதினார். நீ என் போனுக்கு அனுப்பிவிட்டிருந்த கட்டுரையில்தான் இதைப் படித்தேன். படித்த இடம் ஆஸ்பத்திரி. கை நரம்பில் கீமோ மருந்து சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது. டிரைவர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். மாரிஸ் ஆராய்ந்தது இதயத்தை, எனக்கு வந்தது குடலில், அது வேறு கணக்கு என்று தெரியும். ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நர்ஸ் பயந்துபோய் ஓடிவந்தாள்.

இடையில் என்ன நடந்தது என்றால், ஒரு நாற்காலி வந்தது. நான் ஓய்வு பெற்ற அன்று டெப்போவில் எல்லாரும் சேர்ந்து சாய்வு நாற்காலி வாங்கிக் கொடுத்தார்கள். "32 வருஷம் நின்னாச்சு, இனிமேவாவது உக்காருங்கண்ணே." நல்ல தேக்கு. எங்கப்பன் கண்டிருந்தால் அழுதிருப்பார். நானும் அதில் உட்கார்ந்தேன். 11 வருஷம் எழவில்லை என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை. காலையில் பேப்பர், பத்து மணிக்கு டிவி, மத்தியானம் ஒரு பழைய படம், சாயங்காலம் உன் பாட்டியோடு சீரியல், ராத்திரி நாலு பேர் கத்துகிற விவாதம். பால் வாசலுக்கு வந்தது, தண்ணீர் கேன் வந்தது, சிலிண்டர் வந்தது. பேண்ட் போடுகிறவனுக்கு இடுப்பு பெருத்தால் பட்டன் காட்டிக்கொடுத்துவிடும். வேட்டி யாரையும் காட்டிக்கொடுக்காது.

மலத்தில் ரத்தம் பார்த்தபோது மூலம் என்றே முடிவுகட்டினேன். முப்பது வருஷம் வண்டியில் குலுங்கியவனுக்கு மூலம் வராமல் என்ன வரும்? துத்தி இலையை வதக்கிச் சாப்பிட்டேன், கருணைக்கிழங்கு மசியல் சாப்பிட்டேன், மருந்துக் கடையில் ஒரு களிம்பு. யாரிடமும் சொல்லவில்லை, சொல்லக் கூச்சம். எட்டு மாதம் ஓடிவிட்டது. மாடிப்படி ஏறினால் இரைத்தது, பாட்டி என் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்து இழுத்துக்கொண்டு போனாள். ரத்தம் பார்த்தார்கள், ஹீமோகுளோபின் 7. அதன்பிறகு கோலனோஸ்கோபி. பெருங்குடலின் இடது பக்கம் கட்டி. இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே, உன் அப்பாவிடமும் சொல்: ரத்தம் வந்தால் மூலம் என்று நாமாகத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. அதைச் சொல்ல டாக்டருக்கே குழாய் விட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆபரேஷன் முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, நடுவில் மாத்திரை என்று ஆறு மாதம். ஊசி போட்ட வாரம் ஃப்ரிட்ஜ் கதவைத் தொட்டாலே விரல் நுனியில் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். குளிர்ந்த தண்ணீர் தொண்டையில் இறங்காது. ஆயுள் முழுக்கச் சில்லறை எண்ணிய விரலுக்கு ஒரு ரூபாய் எது, இரண்டு ரூபாய் எது என்று தடவித் தெரியவில்லை.

ஒருநாள் டாக்டர் அம்மாவிடம் கேட்டேன், எனக்கு எதனால் வந்தது என்று.

"ஒரு ஆளுக்கு இதனாலதான்னு கைகாட்ட முடியாதுங்கய்யா. வயசு இருக்கு, பரம்பரை இருக்கு, சாப்பாடு, உடம்பு எடை எல்லாம் இருக்கு. ரிடையர் ஆனதுக்கப்புறம் என்ன பண்றீங்க?"

"டிவி பாப்பேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மூணு மணி நேரம் இருக்கும்."

பின்னாலிருந்து உன் பாட்டி, "ஒம்போது" என்றாள்.

அந்த அம்மா சிரிக்கவில்லை, பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். அன்றைக்குக் காதில் விழுந்ததில் பாதி, பிறகு நானே தேடிப் படித்ததில் பாதி, இதெல்லாம். லாஸ் ஏஞ்சலிஸில் 1984இலேயே ஆண்களின் வேலையையும் பெருங்குடல் புற்றுநோயையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். உடம்பு அசையாத உத்தியோகக்காரர்களுக்கு, உழைக்கிற வேலைக்காரர்களைவிட ஆபத்து ஒன்றரை மடங்குக்கு மேல். 2014இல் ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இருவர், அதுவரை உலகில் வந்த 43 ஆய்வுகளைச் சேர்த்துக் கூட்டினார்கள். கிட்டத்தட்ட 69,000 புற்றுநோயாளிகளின் விவரம் அதில் இருந்தது. நாளொன்றுக்கு உட்காரும் நேரம் இரண்டு மணி கூடினால் பெருங்குடல் புற்று ஆபத்து 8 சதவீதம், கருப்பை உட்சுவர்ப் புற்று 10 சதவீதம், நுரையீரல் புற்று 6 சதவீதம் கூடுகிறது என்று வந்தது. எல்லா உட்காரலிலும் மோசமாக நின்றது டிவி. அதிக நேரம் டிவி பார்த்தவர்களுக்குப் பெருங்குடல் புற்று ஆபத்து பாதிக்கும் மேல் கூடுதல். டிவி முன்னால் வாய் சும்மா இருக்காதே, முறுக்கு டப்பாவின் பங்கும் அதில் இருக்கலாம்.

8 சதவீதம் என்றால் நூறு பேர் உட்கார்ந்தால் எட்டுப் பேருக்கு வரும் என்று படித்துவிடாதே. இருக்கிற ஆபத்து அந்த அளவு ஏறும், அவ்வளவுதான். நம் நாட்டில் பெருங்குடல் புற்று மேல்நாட்டைவிடக் குறைவு. பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. பயந்தவன் ஒரு வாரம் நடப்பான், எட்டாம் நாள் நாற்காலிக்குத் திரும்பிவிடுவான். நானே சாட்சி.

உட்காருவதற்கும் கட்டிக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அதை வாங்கிக்கொள்ளும் பெரிய இடம் தசை, அதிலும் தொடையும் பின்புறமும். கால் அசைந்தால் தசை தானாகவே சர்க்கரையை இழுக்கும். அசையாதபோது கணையம் இன்சுலினைக் கூடுதலாக ஊற்றித்தான் உள்ளே தள்ள வேண்டும். இன்சுலின் கண்டக்டர் விசில் மாதிரி. சர்க்கரையை ஏற்றுவதற்காக ஊதினாலும் வண்டியில் இருக்கிற எல்லார் காதிலும் விழும். செல்களுக்கு அது 'வளரு, பெருகு' என்று கேட்கிறது. நாள் முழுக்க, வருஷம் முழுக்க விசில் ஊதினால், பெருகக் கூடாத செல் ஒன்று கிளம்பிப்போக வாய்ப்பு கூடுகிறது. கூடவே தொப்பைக் கொழுப்பு சும்மா இருப்பதில்லை, உடம்பில் ஓயாமல் ஒரு மெல்லிய அழற்சியை வைத்திருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அந்தக் கொழுப்பே ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கிறது. மார்பகமும் கருப்பையும் அதற்குச் செவிசாய்க்கும் உறுப்புகள்.

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்க்கட்சிக்காரன் பேச்சையும் கேட்க வேண்டும். அந்த மாரிஸே 1956இல் இன்னொரு கட்டுரை எழுதினார். பஸ் கம்பெனி சீருடை தைத்துக் கொடுக்குமல்லவா, அந்தக் கால்சட்டை அளவுகளை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு கண்டக்டர்களைவிடப் பெரிது. வயதில் சின்ன டிரைவர்களுக்கும் அப்படித்தான். அப்படியானால் சீட் ஆளைப் பருமனாக்கியதா, கொஞ்சம் பருமனான ஆள் சீட்டைத் தேடிப் போனாரா? உட்காருவதைப் பற்றி எந்தச் செய்தி படித்தாலும் எனக்கு இப்போது அந்தக் கால்சட்டை ஞாபகம் வருகிறது. தனக்கே எதிராகப் பேசும் அளவை எடுத்து, தானே அச்சிட்டவர் அவர். 99 வயது வரை இருந்தார்.

எங்கள் டிரைவர் அண்ணனையே பார். 76 ஆகிறது, சர்க்கரைகூடக் கிடையாது. கணக்குப்படி நாற்காலியில் விழுந்திருக்க வேண்டியவர் அவர்தானே? ஆனால் வேலைக்காலம் முழுவதும் வீட்டிலிருந்து டெப்போவுக்கு சைக்கிள். விடியுமுன் இரண்டு மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டுவிட்டு வருவார். இப்போதும் காந்தி மார்க்கெட்டுக்கு சைக்கிள்தான், கேரியரில் வாழைத்தார். வேலையில் உட்கார்ந்தார், வாழ்க்கையில் உட்காரவில்லை. அதிர்ஷ்டமும் இருந்திருக்கும். நான் 32 வருஷம் நடந்ததை பாங்கில் போட்ட பணம் என்று நினைத்துவிட்டேன். வட்டி வந்துகொண்டே இருக்கும் என்று.

பெண்பிள்ளை என்பதால் உனக்குக் கூடுதலாக ஒரு வார்த்தை. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1980களின் தொடக்கத்திலிருந்து நகரத்தின் புற்றுநோய்க் கணக்கை எழுதிவருகிறார்கள். ஆரம்பத்தில் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்று. அது இறங்கிக்கொண்டே வந்தது, மார்பகப் புற்று ஏறி முதலிடத்துக்கு வந்துவிட்டது. தாமதக் கல்யாணம், ஒன்றிரண்டு பிள்ளை, எடை என்று காரணங்கள் பல. அதில் பாதியை மாற்றச் சொல்ல எனக்கு வாயும் இல்லை, உரிமையும் இல்லை. அசைவு ஒன்றுதான் யாரையும் கேட்காமல் நீ செய்யக்கூடியது. அம்மி அரை, கிணற்றில் இறை என்றும் சொல்லமாட்டேன். அந்தக் காலம் பொற்காலம் என்பவனை உன் பாட்டியின் இடுப்பு வலியைக் கேட்கச் சொல்.

போன தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேனே, அப்போது உனக்குத் தெரியாமல் உனக்கு ட்ரிப் ஷீட் எழுதினேன். 9.10க்கு உட்கார்ந்தாய். 11.40க்கு எழுந்தாய், சார்ஜர் எடுக்க. மேஜையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், அதனால் தாகத்துக்கும் எழ வேண்டியதில்லை. 2.15க்கு உன் அம்மா தட்டைக் கொண்டுவந்து மடிக்கணினி பக்கத்தில் வைத்தாள். சாயங்காலம் ஆப்பில் பஜ்ஜி வந்தது, அதை வாங்கவும் வாட்ச்மேன்தான் மேலே ஏறி வந்தார். ராத்திரி ஏழு வரை மொத்தம் ஐந்து தடவை எழுந்தாய். எங்கள் பஸ்ஸில் கர்ப்பிணிகள்கூட அதைவிட அதிகம் நகர்வார்கள்.

நான் சொன்னதும், "நின்னுக்கிட்டே வேலை பார்க்குற மேஜை வாங்கப்போறேன் தாத்தா" என்றாய். வாங்கு, தப்பில்லை. ஆனால் எதிர்வீட்டுப் பெண் துணிக்கடையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறாள், காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கிறது. 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே போட்டார்கள், கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று. ஒரு தெருவில் ஒரு பக்கத்துக்குச் சட்டம் போட்டு நாற்காலி வாங்கித்தருகிறோம், இன்னொரு பக்கத்தில் நாற்காலியிலிருந்து எழு என்று கெஞ்சுகிறோம். இருவருக்கும் கிடைக்காதது ஒன்றுதான்: தன் இஷ்டத்துக்கு இடம் மாறுவது. மீட்டிங்கில் கேமரா முன்னால் இரண்டு மணி நேரம் அசையாமல் இருக்கச் சொல்கிறார்கள் என்றாயே, அது உன் சோம்பலில்லை, உன் மேலதிகாரியிடம் கேட்டு வாங்க வேண்டிய விஷயம். நாங்கள் யூனியனில் டீக்கு ஐந்து நிமிஷம் கேட்டு வாங்கியதை நீ சின்னது என்று நினைக்காதே.

கஷ்டப்பட்டு ஜிம்முக்குப் போகாதவர்களுக்கும் நல்ல செய்தி உண்டு. அமெரிக்காவில் 8,000 பேரின் இடுப்பில் கருவி கட்டி அசைவை அளந்தார்கள், 2020இல் முடிவு வந்தது. ரொம்ப உட்கார்ந்தவர்களுக்குப் புற்றுநோய் மரணம், குறைவாக உட்கார்ந்தவர்களைவிட 82 சதவீதம் கூடுதல். உட்காருவதில் அரை மணியை எடுத்து, வீட்டைப் பெருக்குவது போன்ற லேசான அசைவுக்குக் கொடுத்தால் ஆபத்து 8 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. அந்த அரை மணியை வேக நடைக்குக் கொடுத்தால் 31 சதவீதம். 2023இல் சிட்னி பல்கலைக்கழகத்துக்காரர்கள் வெளியிட்டது இன்னும் வேடிக்கை. உடற்பயிற்சியே செய்யாத 22,000 பிரிட்டன் ஆட்களில், நாளுக்கு மூன்றரை நிமிஷம் மூச்சு வாங்க எதையாவது செய்தவர்களுக்கு (ஒரு நிமிஷம் ஒரு நிமிஷமாக, படி ஏறுவது, கனமான பையோடு விரைவது) புற்றுநோய் 17, 18 சதவீதம் குறைவு. மூன்றரை நிமிஷம்! ஓடிப்போய் பஸ் பிடிப்பவனைத் திட்டிக்கொண்டே விசில் அடித்து நிறுத்தினேனே, அவனுக்கெல்லாம் நன்மைதான் நடந்திருக்கிறது.

ஆகவே உன்னிடம் கேட்பது சில்லறைதான். அந்தப் பெரிய பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு டம்ளர் வைத்துக்கொள், தீர்ந்தால் எழுந்து போ. போன் வந்தால் உட்காராதே. பஜ்ஜியைக் கீழே இறங்கிப் போய் வாங்கு, மூன்று மாடிதானே. சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் மொட்டை மாடி.

என் விஷயத்தில் டாக்டர் அம்மா அன்றே நடக்கச் சொல்லிவிட்டார். ஆபரேஷன் தழும்பு இழுக்கும், கீமோவில் பாதம் மரத்திருக்கும், செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் பத்தடி போயிருக்கிறேன். 2025இல் நீதான் அந்தச் செய்தியைக் காட்டினாய்: பெருங்குடல் புற்றுக்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரில், பாதிப் பேருக்கு உடற்பயிற்சி பற்றிப் புத்தகம் மட்டும், மீதிப் பேருக்குக் கூடவே ஒரு பயிற்சியாளர், மூன்று வருஷம். பெரும்பாலோர் செய்தது வாரத்தில் மூன்று நான்கு நாள் முக்கால் மணி வேக நடைக்குச் சமானம். எட்டாம் வருஷத்தில் பயிற்சி செய்த கூட்டத்தில் நூற்றுக்கு 90 பேர் உயிரோடு இருந்தார்கள், புத்தகக் கூட்டத்தில் 83. குலுக்கிப் போட்டுப் பிரித்த ஆய்வு என்பதால் இதில் கால்சட்டைச் சந்தேகத்துக்கு இடமில்லை. எனக்குப் பயிற்சியாளர், டிரைவர் அண்ணன். விடிகாலை உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார், நான் ஹேண்டில்பாரில் ஒரு கை வைத்துக்கொண்டு நடப்பேன். வேகம் குறைந்தால் பெல் அடிப்பார். அத்தனை வருஷம் அவரை விசில் அடித்து நிறுத்தியதற்குப் பழிவாங்குகிறார்.

தேக்கு நாற்காலி இன்னும் திண்ணையில்தான் இருக்கிறது, கொடுத்துவிட மனம் வரவில்லை. மத்தியானம் ஒரு மணி நேரம் சாய்வேன். பாட்டி ரிமோட்டை அடுக்களையில் வைத்திருக்கிறாள். சேனல் மாற்ற எழுந்து போக வேண்டும்.

அடுத்த வருஷம் மறுபடி கோலனோஸ்கோபி. ஊசியைவிட எனக்குப் பயம் அதற்கு முந்தின ராத்திரிதான். அந்த மருந்துத் தண்ணீரைக் குடித்துவிட்டால் விடியும்வரை கட்டிலுக்கும் கக்கூஸுக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். போனதடவை பதினாலு நடை. அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா என்று டாக்டர் அம்மாவிடம் நீ ஒரு வார்த்தை கேட்டுச் சொல்.

தாத்தா